பேரழிவுக்குப் பின் மொழி: மூன்று அறிவியல் புனைகதைகளும் தமிழாக்கச் சிக்கலும்

1. முன்னுரை

உலகின் முடிவைப் பொருளாகக் கொண்ட அறிவியல் புனைகதைகள் யாவற்றிற்கும் பொதுவான முரண்பாடு ஒன்று உண்டு. முடிவு முழுமையானதாயின் அதனைச் சொல்ல ஒருவரும் எஞ்சியிரார். சொல்வதற்கு ஒருவர் எஞ்சியிருப்பின் முடிவு முழுமையானதன்று. ஆகவே அழிவைப் பற்றியனவாகத் தோன்றும் இக்கதைகள் உண்மையில் எச்சத்தைப் பற்றியனவே. எஞ்சியது எது என்னும் வினாவிற்கு உணவு, கருவி, உறைவிடம் ஆகியவற்றைக் கொண்டு விடை கூறும் கதைகள் பல. மொழியைக் கொண்டு விடை தேடும் கதைகள் சிலவே.

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய மேரி ஷெல்லியின் 'தி லாஸ்ட் மேன்' (1826) இங்குக் கருதத்தக்கது. கொள்ளைநோயால் மனித இனம் அழிய, எஞ்சிய ஒருவன் படிப்பவர் எவரும் இல்லாத உலகில் அமர்ந்து தன் வரலாற்றை எழுதுகிறான். அவ்வரலாறு வாசகர் கைக்கு வந்த வழியை முகவுரை விளக்குகின்றது. நேப்பிள்சுக்கு அருகிலுள்ள குகையொன்றில் பல மொழிகளில் எழுதப்பெற்ற இலைகள் சிதறிக் கிடந்தன என்றும், அவற்றைப் படித்தறிந்து பெயர்த்துக் கோவைப்படுத்தியதே இந்நூல் என்றும் முகவுரையாசிரியர் கூறுகிறார். உலகின் முடிவைச் சொல்லும் பனுவல் தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பாக அறிமுகமாகின்றது. இஃது ஓர் உத்தி மட்டுமன்று. அழிவுக்கு அப்பால் ஒரு பனுவல் வாழவேண்டுமாயின் அதனைப் படித்துப் பொருள் கூறும் ஒருவர் வேண்டும் என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949), வால்டர் எம். மில்லரின் 'எ கேண்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' (1959), ரஸ்ஸல் ஹோபனின் 'ரிட்லி வாக்கர்' (1980) ஆகிய மூன்று நாவல்களும் இவ்வுண்மையை மூன்று நிலைகளில் சோதித்துப் பார்க்கின்றன. நூல் எஞ்சுதல், பேச்சு எஞ்சுதல், பொருள்கோள் மரபு எஞ்சுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. மூன்றாவது அறுபடின் முதலிரண்டும் எஞ்சியும் பயனில்லை என்பதே இந்நாவல்களை ஒருங்கு வைத்துப் படிக்கும்போது பெறப்படும் கருத்து. இக்கருத்தை நிறுவுவதும், மூன்றனுள் மொழியமைப்பாலேயே கதை சொல்லும் 'ரிட்லி வாக்கர்' நாவலைத் தமிழில் பெயர்ப்பதற்குரிய நெறியை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. பேச்சு எஞ்ச எழுத்து அறுதல்

ஸ்டூவர்ட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க இடப்பெயர்களின் வரலாற்றை 1945இல் நூலாக வெளியிட்டவர். அவருடைய நாவலில் கொள்ளைநோய் மக்களை ஏறத்தாழ முற்றாக அழிக்கின்றது. எஞ்சியவருள் ஒருவனாகிய இஷர்வுட் வில்லியம்ஸ், சுருக்கமாக இஷ், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு சிறு குழுவுக்குத் தலைவனாகிறான். பல்கலைக்கழக நூலகம் சிதையாமல் நிற்கின்றது. வேண்டிய அறிவெல்லாம் அங்கு உள்ளது, நாடிச் செல்வாரில்லை. இஷ் பள்ளி நடத்திப் பார்க்கிறான். குழந்தைகளுக்கு எழுத்தின் பயன் விளங்கவில்லை. படிப்பில் நாட்டம் கொண்ட மகன் ஜோயி டைபாய்டுக் காய்ச்சலில் இறந்தபின் பள்ளியும் நின்றுவிடுகின்றது. இஷ் அடுத்த தலைமுறைக்கு வில் செய்யக் கற்பிக்கிறான்.

மொழியியல் நோக்கில் இந்நாவலின் சிறந்த இடம், 'அமெரிக்கர்' என்னும் சொல் அடையும் பொருள் மாற்றமாகும். சாலைகளையும் பாலங்களையும் கட்டிய 'அமெரிக்கர்' யார் என்பதை அழிவுக்குப் பின் பிறந்த குழந்தைகள் அறியார். ஆகவே அச்சொல் நாட்டினரின் பெயர் என்னும் நிலையிலிருந்து, உலகைப் படைத்த தொல்பிறவிகளின் பெயர் என்னும் நிலைக்கு நகர்கின்றது. இம்மாற்றம் இயல்பானதே. குன்றுகளில் சமணத் துறவியர் வாழ்ந்த கற்படுக்கைகளைத் தமிழ்நாட்டு மக்கள் 'பஞ்ச பாண்டவர் படுக்கை' என வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம். செய்தவர் நினைவு மறைந்த இடத்தில் தொன்மத்தின் பெயர் வந்து அமர்கின்றது.

எனினும் நாவலில் ஒரு குறை உண்டு. எழுத்தறிவின் இழப்பை இஷ் அறிவின் இழப்பாகவே கொள்கிறான். நாவலின் பெரும்பகுதி அவன் பார்வையிலேயே நடக்கின்றது. எழுத்து வடிவம் இன்றியே செழித்த மொழிகள் உலகில் பல. எழுத்தை இழந்த குழு தன் பேச்சில் புதிய கதைகளையும் மரபுகளையும் ஆக்கிக்கொள்ளும் என்பதை ஸ்டூவர்ட் இறுதிப் பகுதியில் உணர்த்துகிறாராயினும், அவ்விளைஞர்களின் பேச்சைத் தனக்கென ஓர் ஒழுங்குடைய மொழியாக அவர் காட்டவில்லை. சொற்பொருள் மாறுகின்றது; தொடரமைப்பு மாறவில்லை.

இஷ் என்னும் பெயர் இஷி என்பவரை நினைவூட்டுவது திறனாய்வாளர் பலரும் சுட்டியதே. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதராக 1911இல் வெளியுலகுக்கு வந்த அவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்து 1916இல் மறைந்தார். தம் இயற்பெயரை அவர் வெளியிடவில்லை. 'மனிதன்' என்னும் பொருளுடைய யானாச் சொல்லே அவருக்குப் பெயராக இடப்பட்டது. 1915ஆம் ஆண்டுக் கோடையில் எட்வர்டு சபீர் அவரிடமிருந்து யாஹி மொழியைப் பதிவு செய்தார். இந்தியாவில் அந்தமானின் போ மொழியை அறிந்த கடைசி முதியவர், போவா மூத்தவர் எனப்பட்டவர், 2010 ஜனவரியில் மறைந்தார். அவர் பேச்சை அன்விதா அப்பி முன்னரே பதிவு செய்திருந்தார். புனைகதையில் எதிர்காலமாகக் கூறப்படுவது சில மொழிச் சமூகங்களுக்கு நிகழ்ந்து முடிந்த வரலாறு. அங்கும் எஞ்சியவை பதிவுகள். அவற்றுக்குப் பொருள் கூறுவதற்கு ஆய்வாளரின் குறிப்புகளே துணை.

3. எழுத்து எஞ்சப் பொருள் அறுதல்

மில்லர் இரண்டாம் உலகப்போரில் வான்படையில் பணியாற்றியவர். 1944இல் மாண்டி காசினோ துறவி மடத்தின்மீது குண்டு வீசிய படைப்பணியில் பங்குகொண்டவர். நூல்களைக் காத்த பழமையான மடமொன்றின் அழிவைக் கண்டவர் நூல் காக்கும் மடத்தைப் பற்றி எழுதியது தற்செயலன்று. நாவலில் அணுப்போருக்குப் பின் மக்கள் சினங்கொண்டு கற்றவரைக் கொல்கின்றனர், நூல்களை எரிக்கின்றனர். லீபோவிட்சின் துறவியர் எஞ்சிய ஏடுகளைக் கடத்திச் சென்றும் மனப்பாடம் செய்தும் காக்கின்றனர். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் ஏடுகள் உள்ளன. அவற்றின் பொருள் எவருக்கும் தெரியாது.

முதற்பகுதியில் இளந்துறவி பிரான்சிஸ் பழங்காலக் காப்பறையொன்றில் மின்சுற்று வரைபடத்தையும், கடையில் வாங்கவேண்டிய உணவுப்பொருள்களின் குறிப்பையும் கண்டெடுக்கிறான். இரண்டும் ஒரே தகுதியுள்ள புனிதப் பொருள்களாக மதிக்கப்படுகின்றன. எது நூல், எது துண்டுக்குறிப்பு என்னும் பகுப்பு பனுவலுக்குள் இல்லை. அது படிப்பவரின் மரபில் உள்ளது. மரபு அறுந்ததால் பகுப்பும் மறைந்தது. வரைபடத்தை அணிசெய்து படியெடுப்பதில் பிரான்சிஸ் 15 ஆண்டுகளைச் செலவிடுகிறான். வழிப்பறிக்காரன் பொன்னொளிரும் படியையே மூலமெனக் கருதிக் கவர்ந்து செல்ல, மங்கிய மூலம் தப்புகின்றது. பொருளறியாத படியெடுப்புக்கும் ஒரு பயன் இருந்தது என்பதை மில்லர் எள்ளலோடு காட்டும் இடம் இது.

இரண்டாம் பகுதியில் வரும் அறிஞர் தான் தாதியோ மொழியறிந்தவர். சொற்களை அவர் பிழையாகப் படிப்பதில்லை. ஆயினும் செயற்கை மனிதரைப் படைத்த கதையைக் கூறும் சிதைந்த பனுவலொன்றை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, அன்றைய மனிதரே அவ்வாறு படைக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று முடிவு கட்டுகிறார். அது காரெல் சாப்பெக்கின் நாடகத்தைக் குறிப்பது என வாசகர் ஊகிக்கலாம். சொல்லும் தொடரும் விளங்கியும் இலக்கிய வகை விளங்காமையால் பொருள் தலைகீழாயிற்று. அகராதியும் இலக்கணமும் மட்டும் பொருள்கோளுக்குப் போதா என்பதற்கு இதனினும் தெளிவான புனைவுச் சான்று அரிது.

மூன்றாம் பகுதியில் விண்கலங்கள் பறக்கும் காலம் வருகின்றது. மடத்தலைவர் செர்கி சொல்வதை வேற்றுமொழியில் பெயர்த்து எழுதித் தரும் பொறி பழுதுற்று எழுத்துகளைக் குழப்புகின்றது. நியூயார்க்கில் 1954இல் பொறிவழி மொழிபெயர்ப்பின் முதற் பொதுச் செயல்விளக்கம் நடந்து ஐந்து ஆண்டுகளில் வெளிவந்த நாவல் இது. நூல் காத்த துறவியரின் வழிவந்த ஒருவர், தாம் சொல்லியதைப் பொறி என்ன செய்தது என்று அறியாது திகைப்பதில் முதற்பகுதியின் நிலையே மீள்கின்றது.

ஏடு வாழ்ந்து பொருள் மறைவது தமிழறிஞருக்குப் புதிய செய்தியன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியரின் உரை கையிலிருந்தும் சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணரை நாடித் தெளிவு பெற்றார். ஏடும் உரையும் இருந்தன. அம்மரபில் வாழ்வோரும் இருந்தனர். மில்லரின் துறவியருக்கு இம்மூன்றனுள் ஏடு ஒன்றே வாய்த்தது.

4. எழுத்தும் பேச்சும் எஞ்சப் பிணைப்பு அறுதல்

ஹோபன் அமெரிக்காவிற் பிறந்து 1969 முதல் லண்டனில் வாழ்ந்தவர், 2011இல் மறைந்தார். கேண்டர்பரிப் பேராலயத்தில் தூய யூஸ்டேசின் வரலாற்றைக் காட்டும் சுவரோவியத்தை 1974இல் கண்டதே 'ரிட்லி வாக்கர்' தோன்றக் காரணமாயிற்று. அணுப்போருக்குப் பின் 2000 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த கெண்ட் நிலப்பகுதி கதைக்களம். 12 வயது ரிட்லி, தந்தை இறந்தபின் அவர் வகித்த பொறுப்பை ஏற்கிறான். ஊர் ஊராக வரும் அரசுப் பொம்மலாட்டத்தின் உட்பொருளை மக்களுக்கு எடுத்துரைப்பதே அப்பொறுப்பு. அஃதாவது அவன் ஓர் உரைகாரன்.

நாவல் முழுவதும் ரிட்லியின் மொழியில் எழுதப்பட்டுள்ளது. அம்மொழியின் அமைப்பில் மூன்று நிகழ்வுகள் குறிக்கத்தக்கன. முதலாவது மறுபகுப்பு. பொருள் மறைந்த நெடுஞ்சொற்கள் பொருளுடைய சிறுசொற்களாகப் பிரிகின்றன. தலைமை அமைச்சரைக் குறிக்கும் 'பிரைம் மினிஸ்டர்', 'பிரை மின்சர்' ஆகின்றது. முதற்சொல் துருவுதலையும் இரண்டாவது கொத்துபவனையும் குறிக்கும். டோவர் என்னும் ஊர்ப்பெயர் மீண்டும் செய் எனப் பொருள்படும் 'டூ இட் ஓவர்' ஆகின்றது. மனிதர் அழிவை மீண்டும் செய்வதே கதையாதலின் இப்பெயர் கதையின் சுருக்கமாகவும் அமைகின்றது. இரண்டாவது சொற்கலப்பு. அணுவைக் குறிக்கும் சொல்லும் ஆதாமின் பெயரும் ஒன்றாகி, இரண்டாகப் பிளக்கப்படும் ஒளிரும் சிறுமனிதனின் பெயராகின்றன. மூன்றாவது பொருள் விரிவு. கணிப்பொறி அச்சிட்டுத் தருவதைக் குறித்த சொல், ஒலியிடமாற்றம் பெற்று, ஆய்ந்து முடிவுக்கு வருதலைக் குறிக்கின்றது.

இம்மொழி எதிர்கால ஆங்கிலத்தின் முன்கணிப்பு அன்று. மாரிஸ் சுவாதேஷ் வகுத்த 100 அடிப்படைச் சொற்களில் 1000 ஆண்டுகளில் 86 விழுக்காடு நிலைபெறும் என்னும் கணக்கின்படி, 2000 ஆண்டுகளில் ஏறத்தாழ 74 சொற்களே எஞ்ச வேண்டும். அம்முறையைப் பலர் மறுத்துள்ளனராயினும், 1000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலம் பயிற்சியின்றி இன்று படிக்கத்தக்கதன்று என்பதில் ஐயமில்லை. ரிட்லியின் மொழியோ சிறிது பழகினால் விளங்குகின்றது. மேலும், எழுத்துக் கல்வியும் போக்குவரத்தும் அருகிய நிலையில் கிளைமொழிகள் பெருகியிருக்க வேண்டும். நாவலில் அவ்வேறுபாடு மிகக் குறைவு. ஊர்தோறும் செல்லும் அரசுப் பொம்மலாட்டம் ஒரு பொதுமொழியை நிலைநிறுத்தியது என்று இதற்கு அமைதி கூறலாம். எவ்வாறாயினும் ஹோபன் காட்ட விரும்பியது மாற்றத்தின் அளவை அன்று; மாற்றத்தின் வழியை.

அவ்வழியின் ஆபத்து ஒரு காட்சியில் முழுமையாக வெளிப்படுகின்றது. ஆட்சித் தலைவன் குட்பார்லி, யூஸ்டேஸ் சுவரோவியத்தை விளக்கும் இருபதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்றை வைத்திருக்கிறான். நாவலுள் இயல்பான ஆங்கிலத்தில் வரும் பகுதி அது. வாசகருக்கு எளியதாகிய அக்குறிப்பு குட்பார்லிக்குத் தொல்மொழி. சிற்றூரைக் குறிக்கும் 'ஹேம்லெட்' என்னும் சொல்லைச் சிறு பன்றிகள் எனப் பொருள் கொள்கிறான். பன்றி இறைச்சியைக் குறிக்கும் 'ஹேம்' என்பதனோடு சிறுமைப் பொருள் ஈற்றைச் சேர்த்துப் பகுத்த பகுப்பு அது. உருபனியல் நோக்கில் அவன் முறை குற்றமற்றது. முடிவு மட்டுமே பிழை. இவ்வாறே சமயக் குறிப்பு முழுவதையும் வேதியியல் செய்முறையாகப் படித்து, இழந்த ஆற்றலை மீட்க முனைகிறான். இறுதியில் அணுகுண்டு கிடைக்கவில்லை. கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த வெடிமருந்து கிடைக்கின்றது, உயிர்கள் போகின்றன.

மில்லரின் துறவியர் பொருளறியாது பணிந்தனர். குட்பார்லி பொருளறியாது துணிகிறான். பணிவு ஏட்டைக் காத்தது. துணிவு உலகின் முடிவை மறுபடி தொடங்கிவைக்கின்றது. பிழையான உரை அதிகாரத்தின் கையில் சேரும்போது நேர்வது இது. இதற்கு மாறாக ரிட்லி, தான் உரைக்கும் பொருள் உறுதியானதன்று என்பதை உணர்ந்து அரசின் ஆட்டத்தை விட்டு விலகுகிறான். உரைகாரனின் தகுதி, பொருள் தெரியும் என்பதில் மட்டுமன்று. தெரியாத எல்லையை அறிவதிலும் உள்ளது.

5. தமிழாக்கச் சிக்கல்

இந்நாவலைத் தமிழில் பெயர்க்க முற்படுபவருக்கு முதலில் தோன்றும் வழி பேச்சுத்தமிழ் அல்லது வட்டார வழக்கு ஆகும். இவ்வழி பொருந்தாது. ஆங்கில எழுத்துமுறை ஒலிப்பிலிருந்து பெரிதும் விலகி நிற்பது. ஆகவே ஒலிப்பு மாறாமலே எழுத்துக்கூட்டலை மாற்றிச் சொல்லை அந்நியமாக்க ஹோபனால் இயல்கின்றது. காட்டைக் குறிக்கும் 'வுட்' என்பதும் விருப்பத்தைக் குறிக்கும் துணைவினையாகிய 'வுட்' என்பதும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. ஹோபன் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலாக்கிக் காட்டின் நெஞ்சையும் விழைவின் நெஞ்சையும் இணைத்துவிடுகிறார். தமிழெழுத்து ஒலியனுக்கு நெருங்கியது. இங்கு எழுத்தை மாற்றின் ஒலிப்பை மாற்றியதாகவே கொள்ளப்படும். 'தண்ணி', 'வந்தாங்க' என்று எழுதினால் வாசகர் காண்பது எதிர்காலத்தை அன்று. இன்றைய பேச்சு வழக்கை. இரட்டை வழக்குடைய மொழியில் அவ்வடிவங்கள் சமூகநிலை, வட்டாரம் ஆகியவற்றைச் சுட்டும். விளைவாக, உலகின் முடிவுக்குப் பிந்திய நாவல் ஒரு வட்டார நாவலாகச் சுருங்கும்.

பெயர்க்க வேண்டியது ஒலிச்சிதைவு அன்று, மறுபகுப்பு. இதற்குத் தமிழ்ச் சூழலில் முன்மாதிரிகள் நிரம்ப உண்டு. சென்னையின் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் நாவிதரைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்து 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலம் எனப் பொருள்பட 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று பெயர்க்கப்பட்டது என்பர். முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது பொருளைப் பெயர்த்தல். மறைக்காடு வேதாரண்யம் ஆனதும் அத்தகையதே. மரைமான்கள் திரிந்த மரைக்காடே மறைக்காடாயிற்று என்று கொள்வோரின் கருத்துப்படி, அதற்கு முன்னரே ஒரு மறுபகுப்பும் நிகழ்ந்திருக்கின்றது. மதுரை மருதை ஆனது ஒலியிடமாற்றம். ஹோபன் கெண்ட் நாட்டு ஊர்ப்பெயர்களில் செய்தவை யாவும் தமிழ் ஊர்ப்பெயர் வரலாற்றில் இயல்பாக நிகழ்ந்தவையே.

இவ்வழியிற் சென்றால் சில தீர்வுகள் கிட்டும். ஆட்சித் தலைவரின் பட்டத்தை 'முதலை மச்சர்' எனலாம். முதலமைச்சர் என்பதன் ஒலி ஏறத்தாழ முழுமையாக நிற்க, நீர்வாழ் கொடுவிலங்கும் மீனும் உள்ளே புகுகின்றன. மூலத்தின் எள்ளலும் அச்சமும் ஒருங்கே பெறப்படும். காடு பற்றிய சிலேடைக்கு மரம், மறம் என்னும் இணை பயன்படும். ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரிதும் மறைந்துவிட்டமையால் இரண்டையும் 'மரம்' என்றே எழுதுதல் ஆங்கிலத்தின் நிலைக்கு மிக நெருங்கியது. விழைவுப் பொருள் இழக்கப்படும்; சினமும் கொலையும் பெறப்படும். நாவலின் போக்கிற்கு அது முரணன்று. அணுவும் ஆதாமும் கலந்த சொல்லுக்குத் தமிழில் ஒலியொற்றுமை இல்லை. அங்கே 'பகல்' என்னும் சொல்லைக் கருதலாம். பழந்தமிழில் அது பிளத்தலையும் குறிக்கும், ஒளியுடைய பொழுதையும் குறிக்கும். 'பகலன்' என்னும் ஆக்கம் பிளவுண்ட ஒளிமனிதனை ஒரே சொல்லில் தரவல்லது. ஆதாமின் நினைவு மட்டும் விடுபடும்.

நாவலுக்குள் வரும் யூசா கதை தனிக் கவனத்திற்குரியது. அது ரிட்லியின் எழுத்துக்கூட்டலினின்றும் வேறுபட்ட, பழமை தோன்றும் எழுத்துக்கூட்டலில் எண்ணிட்ட சிறு பகுதிகளாக அமைந்துள்ளது. இங்கும் செய்யுள் நடையையோ சங்க வழக்கையோ கொண்டுவருதல் தகாது. அவ்வாறு செய்தால் செம்மை மிகுந்து சிதைவு மறையும். புள்ளியும் பத்திப் பிரிவும் இன்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடி எழுத்துமுறை பொருத்தமான மாதிரியாகலாம். சொற்பிரிப்பை வாசகரே செய்ய வேண்டியிருத்தலின், குட்பார்லி எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை அவரும் ஓரளவு துய்ப்பார். குட்பார்லி படிக்கும் பழங்குறிப்பு மட்டும் இன்றைய பொது எழுத்துத்தமிழில், எவ்வகைத் திரிபுமின்றி அமைதல் வேண்டும். வாசகரின் மொழியே அந்நியமாகும் அவ்விடத்தின் ஆற்றல் அவ்வெளிமையைச் சார்ந்தது.

நிக்கோலா ரிஷார் 2012இல் வெளியிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இந்நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றைக் குறைத்து, நடப்பவனைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்து 'எனிக் மார்ஷர்' என்று தலைப்பிட்ட அம்மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலச் சிதைவுகளை ஒலிபெயர்க்காமல் பிரெஞ்சு மொழிக்குள்ளிருந்தே ஒரு மொழியை ஆக்கினார். தமிழாக்கமும் தமிழுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும்.

6. முடிவுரை

ஸ்டூவர்ட் பேச்சு எஞ்சிய உலகையும், மில்லர் ஏடு எஞ்சிய உலகையும், ஹோபன் இரண்டும் எஞ்சிப் பிணைப்பறுந்த உலகையும் காட்டினர். மூவரும் சேர்ந்து உணர்த்துவது, பனுவலைக் காத்தல் பொருள்கோள் மரபைக் காத்தலாகாது என்பதாகும். அழிவுநிலை மொழிகளை ஒலிப்பதிவாகவும் தரவாகவும் சேமிக்கும் பணிக்கு இது நேரடியாகப் பொருந்தும். பதிவு வேண்டும், அதனோடு உரையும், எடுத்துக்காட்டும், வழங்கிய சூழலும், இது கதை, இது செய்தி, இது கடைக்குறிப்பு என்னும் வகைப்பாடும் வேண்டும். இவையின்றிச் சேமிக்கப்படுவது எதிர்காலத்தில் ஒரு பிரான்சிசின் கையில் புனிதப் பொருளாகும். ஒரு குட்பார்லியின் கையில் வெடிமருந்தாகவும் கூடும்.

மொழிபெயர்ப்பாளரின் பணியும் இங்கிருந்தே மதிப்பிடப்பட வேண்டும். மூலத்தின் சொற்களை மட்டும் கடத்துபவர் படியெடுப்போர் வரிசையில் நிற்கிறார். சொல் எவ்வழியிற் பொருள் பெற்றது என்பதையும் கடத்துபவரே மரபு அறாமற் காக்கிறார்.